கணக்கில் வராத மனிதர்

விளையாட்டும் ஒரு பாடநூலே. கூழாங்கல்லை அடுக்கி வீடு கட்டும் குழந்தை கட்டடக் கலையின் முதல் பாடத்தைக் கற்கிறது. மணலைச் சோறென்று பரிமாறும் குழந்தை இல்லறத்தின் முதல் பாடத்தைக் கற்கிறது. ஆசிரியர் பயிற்சி பெற்றோர் அனைவரும் அறிந்த உண்மை இது. ஆயினும், ஒரு நூலை வகுப்பறைக்குள் விடுமுன் பக்கம் பக்கமாகப் படித்துப் பார்க்கும் ஆசிரியர் உலகம், ஒரு விளையாட்டை அவ்வாறு படித்துப் பார்ப்பதில்லை. ஒன்று, வீண்பொழுது என்று தள்ளிவிடுகிறது. அல்லது, அறிவை வளர்க்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அள்ளிக்கொள்கிறது. இரண்டுமே படிக்காதவர் வழங்கும் தீர்ப்புகள்.

கணினியில் ஆடப்படும் வணிக விளையாட்டுகளுக்கு இற்றை நாளில் இந்த இரண்டாம் வகைத் தீர்ப்பே கிடைத்து வருகிறது. துப்பாக்கி இல்லை, குருதி இல்லை; கூட்டலும் கழித்தலும் இருக்கின்றன; ஆகவே இவை நல்லவை என்பது வாதம். ‘ஒரு நிறுவனத்தை நடத்தும் கலையைக் கரும்பலகையின்றிக் கற்பிக்கும் ஆசான்’ என்று இவற்றைப் புகழ்வோரும் உளர். அந்தப் புகழுரை எவ்வளவு தூரம் தகும் என்பதை, இவ்வகையில் முன்னோடியாகிய ஒரு ஜப்பானிய விளையாட்டைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

தலைவர் நாற்காலி

ஜப்பானின் ஆர்ட்டிங்க் நிறுவனம் 1985இல் ‘ஏ-டிரெயின்’ என்னும் விளையாட்டு வரிசையைத் தொடங்கியது. ‘ஏ இரயிலில் செல்வோம்’ என்பது ஜப்பானிய மொழியில் அதன் தலைப்பு. அவ்வரிசையின் மூன்றாவது விளையாட்டு 1990இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. 1992இல் அமெரிக்காவின் மேக்சிஸ் நிறுவனம் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டது. புதிய வடிவங்கள் பல கண்டு அவ்வரிசை இன்றும் வாழ்கிறது. 2021இலும் ஒரு புதிய பதிப்பு வந்தது.

ஆடுபவர் ஓர் இரயில் நிறுவனத்தின் தலைவராகிறார். வயலும் மலையும் ஆறுமாக விரிந்த நிலப்பரப்பு அவர் கண்முன் கிடக்கிறது. அவர் தண்டவாளம் போடுகிறார், நிலையம் கட்டுகிறார், பயணிகள் வண்டியையும் சரக்கு வண்டியையும் வாங்கி ஓடவிடுகிறார். சரக்கு வண்டி கட்டுமானப் பொருளைக் கொண்டு வந்து நிலையத்தருகே இறக்குகிறது. அப்பொருளைக் கொண்டு வீடுகள் முளைக்கின்றன, கடைகள் எழுகின்றன, சிற்றூர் நகரமாகிறது. பகல் போய் இரவு வருகிறது, மாடங்களில் விளக்கெரிகிறது, பருவங்கள் மாறுகின்றன. பார்ப்பதற்கு உள்ளம் கொள்ளை போகும் காட்சிதான், மறுப்பதற்கில்லை.

ஆயினும் இரயிலை ஓட்டி மட்டும் அந்நிறுவனம் செழிப்பதில்லை. நிலையம் வந்ததும் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறுகிறது. அந்நிலத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பவர் தலைவர்தாம். விடுதி, அடுக்குமாடி வீடு, கேளிக்கைப் பூங்கா, குழிப்பந்துத் திடல் எனத் துணைத் தொழில்களை அவர் தொடங்குகிறார். வங்கியில் கடன் வாங்கலாம். பங்குச் சந்தையில் பங்கு வாங்கலாம். வரியும் கட்ட வேண்டும். கணக்கேட்டைத் திறந்தால் வரவும் செலவும் சொத்தும் கடனும் வரிசையாக நிற்கின்றன.

இதில் கற்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது நேர்மையாகாது. சொத்து வேறு, கையிருப்பு வேறு என்பதைப் பதினான்கு வயது மாணவனுக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தும் பாடநூலைக் காண்பது அரிது. ஊரில் பாதி நிலம் தனக்கே சொந்தமாயிருந்தும், கையில் காசு தீர்ந்ததால் நொடித்துப் போகும் நிறுவனத்தை அவன் தன் கண்ணாலேயே காண்கிறான். இன்று இட்ட தண்டவாளம் பல்லாண்டு கழித்தே பலன் தரும் என்ற பொறுமையும் அவனுக்குப் பிடிபடுகிறது. இவை நற்பாடங்களே. குறை, அந்தக் கணக்கேட்டில் எழுதப்பட்டவற்றில் இல்லை; எழுதப்படாமல் விடப்பட்டவற்றில் இருக்கிறது.

கொபயாஷி கண்ட முகங்கள்

இவ்விளையாட்டின் இலக்கணம் கற்பனையில் பிறந்ததன்று. ஜப்பானின் தனியார் இரயில் நிறுவனங்கள் உண்மையிலேயே நடந்து காட்டிய வழி அது. அவ்வழியை வகுத்தவர்களுள் தலையாயவர் இச்சிசோ கொபயாஷி. 1873இல் பிறந்து 1957இல் மறைந்த இவர், பின்னாளில் ஹன்க்யூ என்று பெயர் பெற்ற இரயில் நிறுவனத்தை 1907இல் தொடங்கியவர்களுள் ஒருவர். 1910இல் ஒசாக்காவின் உமேடாவிலிருந்து தக்கராசூக்கா வரை அவருடைய மின்வண்டி ஓடத் தொடங்கியது. அன்று அவ்வழியில் பெரிய ஊர்கள் இல்லை, பயணிகளும் இல்லை. பயணிகள் இல்லையென்றால் உண்டாக்குவோம் என்று அவர் துணிந்தார். அதே ஆண்டில் இக்கேடாவில் வீடுகள் கட்டி, மாதத் தவணையில் சம்பளக்காரர்களுக்கு விற்றார். வழியின் கடைக்கோடியில் பெண்களே நடிக்கும் தக்கராசூக்கா இசை நாடகக் குழுவை உருவாக்கினார். அக்குழு 1914இல் முதன்முதல் மேடையேறியது. 1929இல் உமேடா நிலையத்திலேயே பேரங்காடி ஒன்றைத் திறந்தார். காலையில் வேலைக்கும் மாலையில் வீட்டுக்கும் ஞாயிறன்று நாடகத்துக்கும் மக்கள் அவருடைய வண்டியிலேயே சென்றனர்.

‘ஏ-டிரெயின்’ விளையாட்டு இந்த வரைபடத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. ஆனால் கொபயாஷியிடம் இருந்த ஒன்றை வாங்காமல் விட்டுவிட்டது. 1930களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம் ஜப்பானை வாட்டியது. ஹன்க்யூ பேரங்காடியின் உணவகத்துக்கு வந்த ஏழை இளைஞர்கள், கறி வாங்கக் காசின்றி வெறுஞ்சோற்றை மட்டும் வாங்கி, மேசைமீது இலவசமாக வைத்திருந்த குழம்புச் சாற்றை ஊற்றிக்கொண்டு உண்டார்கள். இத்தகையோரால் நட்டமே என்று பணியாளர்கள் முகம் சுளித்தனர். கொபயாஷியோ, அவர்களை வரவேற்க ஆணையிட்டார். இன்று வறியவர்களாக இருக்கும் இவர்களுக்கும் நாளை குடும்பம் உண்டாகும். அப்போது இந்த நாளை நினைத்துப் பிள்ளைகளோடு வருவார்கள் என்பது அவர் எண்ணம். இச்செய்தி இன்றளவும் ஜப்பானில் சொல்லப்படுகிறது.

கொபயாஷி அருளாளர் அல்லர், வணிகர். அவருடைய ஆணையிலும் வணிகக் கணக்கு இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு மனிதனின் பசியும் நாணமும் நினைவும் இலக்கங்களாகச் சேர்ந்திருந்தன. விளையாட்டின் கணக்கேட்டில் அவற்றுக்கு இடமே இல்லை. அங்கே பயணி என்பவர் ஒரு தொகை. வறியவர் என்றும் நாணுபவர் என்றும் நினைவு வைத்திருப்பவர் என்றும் எவரும் இல்லர். கொபயாஷியின் தண்டவாளத்தை எடுத்துக்கொண்டு, அவர் கண்ட முகங்களை விட்டுவிட்டது அந்த விளையாட்டு.

எதிர்க்காத நிலம்

விளையாட்டில் நிலம் பேசாது. பணம் இருந்தால் வாங்கலாம். குறுக்கே நிற்கும் கட்டடத்தை அகற்றலாம். அதில் யார் இருந்தார், எத்தனை தலைமுறை இருந்தார், அகற்றிய பின் எங்குச் சென்றார் என்ற கேள்விகள் எழா.

அதே காலத்து ஜப்பானில் நிலம் வாய் திறந்து பேசியது. 1966இல் நரித்தாவில் விமான நிலையம் அமைக்க அரசு முடிவு செய்தபோது உழவர்கள் எதிர்த்து நின்றார்கள். போராட்டத்தில் உயிர்கள் பலியாயின. நிலையம் 1978இல்தான் திறக்கப்பட்டது. நிலத்தைக் கொடுக்க மறுத்தவர்களால் அதன் இரண்டாவது ஓடுபாதை 2002இல் திட்டமிட்டதைவிடக் குறுகிய நீளத்தோடே திறக்கப்பட்டது. அவ்விமான நிலையத்துக்கென வகுத்த அதிவேக இரயில் பாதையின் கதை இதனினும் பொருத்தமானது. 1974இல் தொடங்கிய அப்பணி, வழியிலிருந்த குடிமக்களின் கடும் எதிர்ப்பால் 1983இல் நின்றுபோய், 1987இல் திட்டமே கைவிடப்பட்டது. ஓர் இரயில் பாதையைக் குடிமக்கள் ‘வேண்டா’ என்று சொல்லி நிறுத்திவிட முடியும் என்பது ஜப்பான் நாடு கண்ட உண்மை. அதனைக் கண்ட நாட்டில், ஏழே ஆண்டுகள் கழித்து வந்த இரயில் விளையாட்டில், ‘வேண்டா’ என்று சொல்ல ஒரு குடிமகனும் இல்லை!

இன்னொன்றும் கருதத்தக்கது. அவ்விளையாட்டு வந்த காலம் ஜப்பானில் நிலவிலை வானளாவ உயர்ந்திருந்த காலம். நிலம் வைத்திருப்பவன் தோற்கமாட்டான் என்று வங்கிகளே நம்பின. நகரத்து வாடகைக் குடிகளை மிரட்டி வெளியேற்றி நிலத்தைத் திரட்டும் தரகர் கூட்டமும் 1980களில் தலைவிரித்தாடியது. 1989 டிசம்பர் 29ஆம் நாள் தோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915 புள்ளிகளைத் தொட்டு நின்றது. விளையாட்டு வெளிவந்த 1990ஆம் ஆண்டு முடிவதற்குள் அது ஏறக்குறைய நாற்பது விழுக்காடு சரிந்துவிட்டது. அடுத்து நிலவிலையும் விழுந்தது. பங்குக் குறியீடு அந்தப் பழைய உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024இல்தான். இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள்! நிலையம் கட்டு, நிலம் வாங்கு, விலை ஏறும் வரை காத்திரு என்னும் பாடம், அந்தப் பாடத்தை நம்பிய ஒரு நாடு குப்புற விழுந்துகொண்டிருந்த வேளையில் அச்சேறியது. அதனைக் ‘காலத்தை வென்ற வணிக அறிவு’ என்று புகழ்வோர் காலத்தை நோக்கவில்லை என்பது வெள்ளிடைமலை.

ஆயிரத்து நாற்பத்தேழு பேர்

விளையாட்டில் இரயில் இருக்கிறது, ஓட்டுநர் இல்லை. நிலையம் இருக்கிறது, நிலைய அதிகாரி இல்லை. அவர்கள் அனைவரும் இயக்கச் செலவு என்னும் எண்ணுக்குள் கரைந்துவிட்டார்கள். வண்டியை விற்றால் அந்த எண் குறைகிறது, அவ்வளவே.

உண்மையில் எண் குறையும்போது என்ன நேரும்? ஜப்பானிய தேசிய இரயில்வே 37 இலட்சம் கோடி யென் அளவுக்குக் கடன்பட்டு, 1987 ஏப்ரல் முதல் நாள் பல நிறுவனங்களாகப் பிரித்துத் தனியார் முறைக்கு மாற்றப்பட்டது. புதிய நிறுவனங்களில் இடம் மறுக்கப்பட்ட தொழிலாளர்களுள் 1,047 பேர் 1990 ஏப்ரலில் அடியோடு வேலை நீக்கம் செய்யப்பட்டனர். தொழிற்சங்கத்தில் இருந்ததே தங்கள் குற்றமாயிற்று என்று அவர்கள் வழக்காடினார்கள். அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது 2010இல். இருபது ஆண்டுகள்! அதற்குள் மறைந்தவர் பலர். அதே 1990இல்தான், வேலை நீக்கம் என்ற சொல்லே இல்லாத இரயில் நிறுவனம் ஒன்று கணினித் திரையில் ஓடத் தொடங்கியது.

எண்பது வினாடி

இனிச் சொல்லப்போவது ஆசிரியர்கள் குறிப்பாக அறிய வேண்டியது. 2005 ஏப்ரல் 25ஆம் நாள் காலை, மேற்கு ஜப்பான் இரயில்வே நிறுவனத்தின் பயணிகள் வண்டி ஒன்று அமகசாக்கி நகரில் வளைவு ஒன்றில் தடம் புரண்டு, அருகிலிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநர் உட்பட 107 பேர் மாண்டனர். 562 பேர் காயமுற்றனர். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவில் வண்டி 116 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தது. ஓட்டுநருக்கு வயது 23. முந்தைய நிலையத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிறுத்திப் பின்னோக்கி வந்ததால், வண்டி ஏறக்குறைய எண்பது வினாடி தாமதப்பட்டிருந்தது.

எண்பது வினாடிக்கு ஏன் அத்தனை அச்சம்? தவறு செய்த ஓட்டுநர்களுக்கு அந்நிறுவனம் ஒரு தண்டனை வைத்திருந்தது. பல நாள் அவர்களை வண்டியிலிருந்து இறக்கி, மேலதிகாரிகளின் கண்முன் உட்கார வைத்துத் தம் குற்றத்தை மீண்டும் மீண்டும் எழுதச் செய்வதும், புல் பிடுங்கச் செய்வதும், கடிந்து கூனிக் குறுக வைப்பதும் அதன் முறைகள். அந்த இளைஞர் முன்னரே அதனை அனுபவித்தவர். மீண்டும் அதற்கு ஆளாவோமோ என்ற கவலையில், நடத்துநர் தம் தவற்றை மேலிடத்துக்கு எவ்வாறு அறிவிக்கிறார் என்று வானொலிப் பேச்சைக் கேட்பதிலேயே அவர் கவனம் சென்றிருக்கலாம் என்று 2007இல் வெளியான விசாரணை அறிக்கை கருதியது. அந்தத் தண்டனைக்கு நிறுவனம் இட்டிருந்த பெயர் என்ன தெரியுமா? ‘நிக்கின் கியோஇகு’. பகல்பணிக் கல்வி என்பது அதன் பொருள். கல்வி! இழிவுபடுத்துவதற்குக் கல்வி என்று பெயர் சூட்டிய நிறுவனத்தை ஆசிரியர் இனம் மறக்கலாகாது.

அந்த வழித்தடம் எங்கிருந்து எங்குச் செல்வது? தக்கராசூக்காவிலிருந்து ஒசாக்காவை நோக்கி. கொபயாஷி 1910இல் மின்வண்டி ஓட்டிய அதே திசை! ஹன்க்யூ நிறுவனத்தோடு போட்டியிட்டுப் பயணிகளைக் கவர, வினாடி வினாடியாக நேரத்தைச் சுருக்கி, தாமதத்தை ஈடுகட்டவும் இடமில்லாதவாறு கால அட்டவணை இறுக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் முன்னாள் தலைவர்கள் மீது தொடுத்த வழக்குகளில் எவரும் தண்டிக்கப்படவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்தது. தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கு ஓட்டுநரின் அச்சம் தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாவா? நூற்று ஏழு உயிர்களோடு கேட்கப்பட்ட அந்தக் கேள்வியை, ‘ஏ-டிரெயின்’ தன் சிறிய தலைவர்களிடம் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. அங்கே வண்டி தடம் புரளாது, ஓட்டுநர் அஞ்சமாட்டார், ஏனெனில் ஓட்டுநரே இல்லை.

சதுரங்க வாதம்

‘சதுரங்கத்தில் மட்டும் காலாட்படைக்குக் குருதி வழிகிறதா? குதிரைக்கு வலிக்கிறதா? விளையாட்டை விளையாட்டாகக் கொள்ளாமல் இவ்வளவு குறை காண்பதா?’ என்று கேட்போர் உண்டு. கேள்வி நல்லதே. ஆனால் சதுரங்கம் ஆடியவனைப் படைத்தலைவன் என்று யாரும் போற்றுவதில்லை. போர் என்பது இதுதான் என்று சதுரங்கப் பலகையைக் காட்டி எவரும் பாடம் நடத்துவதில்லை. வணிக விளையாட்டை மட்டும் ‘நிறுவன நிர்வாகம் கற்பிக்கும் ஆசான்’ என்று வகுப்பறைக்கு அழைத்து வருகிறார்கள். ஆசான் என்ற பெயரை ஏற்றுவிட்டால், ஆசானுக்குரிய சோதனையையும் ஏற்கத்தானே வேண்டும்?

‘அந்தக் காலக் கணினியின் ஆற்றல் அவ்வளவுதான், மனிதரை எல்லாம் அதில் அடக்க முடியுமா?’ என்பது அடுத்த வாதம். பருவம் மாறுவதையும் மாடத்தில் விளக்கெரிவதையும் அடக்க முடிந்த கணினிக்கு, ‘தொழிலாளர் ஊதியம்’ என்று கணக்கேட்டில் ஒரு வரி சேர்க்க முடியாமற் போயிற்றா? இடமில்லாமல் அது விடுபடவில்லை. தேவையென்று தோன்றாமல் விடுபட்டது. படைத்தவர்கள் தீயவர்கள் என்பதன்று பொருள். அவர்கள் வாழ்ந்த காலத்தின் கண், நிறுவனத்தை அவ்வாறே கண்டது. அந்தக் கண்ணைத்தான் விளையாட்டு ஆடுபவருக்கு இரவல் தருகிறது. மேலிருந்து பார்க்கும் கண் அது. அத்தனை உயரத்திலிருந்து கூரைகள் தெரியும், முகங்கள் தெரியா.

கரும்பலகைக்கு என்ன வேலை?

அவ்வாறெனில் இதனைத் தடை செய்ய வேண்டுமா? வேண்டுவதில்லை. தடை செய்வது ஆசிரியருக்கு எளிது, மாணவனுக்குப் பயனில்லாதது. பூட்டிய கதவுக்குப் பின்னே அவன் தனியே ஆடுவான். விடுபட்டவற்றைச் சுட்டிக்காட்ட அங்கே ஒருவரும் இருக்கமாட்டார். கரும்பலகையின்றிக் கற்பிக்கும் ஆசான் என்று புகழ்வதும் அதே தவறுதான். இத்தகைய விளையாட்டுக்குத்தான் கரும்பலகை கட்டாயம் தேவை.

மாணவன் தன் நகரத்தைக் கட்டி முடித்துப் பெருமையோடு நிற்கும்போது, ஆசிரியர் நான்கு வினாக்களை எழுதட்டும். இந்தத் தண்டவாளம் செல்லும் வழியில் யாருடைய வீடு இருந்தது? இந்த வண்டியை ஓட்டுபவருக்கு என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை? வண்டி எண்பது வினாடி தாமதித்தால் யார் பொறுப்பு? நிலவிலை பாதியாக விழுந்தால் இந்த நகரத்தில் முதலில் துன்புறுபவர் யார்? விடையைத் திரையில் தேடுபவன் காணமாட்டான். காணவில்லை என்பதை அவன் உணரும் கணத்தில்தான் நிர்வாகப் பாடம் தொடங்குகிறது.

மலேசியா 1982இல் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்து, மாணவர்களையும் பயிற்சியாளர்களையும் ஜப்பானுக்கு அனுப்பியது. ஜப்பானை ஆசிரியராகக் கொண்ட நாட்டில் வாழும் தமிழாசிரியர்களுக்கு, அந்த ஆசிரியரிடம் எதைக் கற்பது என்று தெரிந்தெடுக்கும் கடமை உண்டு. வெறுஞ்சோறு உண்டவரை வரவேற்ற கொபயாஷியும் ஜப்பானே. எண்பது வினாடிக்காக இளைஞரை நடுங்க வைத்த நிறுவனமும் ஜப்பானே. இவ்விரண்டையும் பிரித்தறியக் கணக்கு மட்டும் போதாது. திருவள்ளுவர் அறத்துப்பாலை முன்வைத்து, அதன் பின்னரே பொருட்பாலை வைத்தார் என்பது தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. அந்த வரிசையின் காரணத்தை விளக்குவதற்கு, அறமே இல்லாமல் பொருள் மட்டும் பெருகும் இந்த விளையாட்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்குமா?

நாளை உண்மையான தலைவர் நாற்காலிகளில் அமரப் போகிறவர்கள் இன்று வகுப்பறையில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே உண்மையான ஓட்டுநர்கள் வேலை செய்யப் போகிறார்கள்; அந்த ஓட்டுநர்களும் இதே வகுப்பறைகளிலிருந்து செல்லப் போகிறவர்களே. வரவையும் செலவையும் எந்தக் கணினியும் கற்பித்துவிடும். அந்த எண்களுக்குள் மறைந்திருக்கும் மனிதரைக் காட்டுவதற்குத்தான் ஆசிரியர் வேண்டும். அதனை அவர் செய்யாவிடில், செய்ய வேறொருவரும் இல்லர்.